ஜெஸி படித்த புத்தகம்

தாராவி, மும்பை – 17
14.9.2025

கர்த்தருக்குள் அன்பான மருமகள் சுனிதாவுக்கு, அத்தை ஏஞ்சலம்மாள் எழுதுவது. இங்கே நானும் மாமாவும் இருக்கிறோம். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் உனக்கு வயிற்றுவலி வந்ததாக உன் அப்பா போனில் சொன்னான். இப்போது தேவலையா? மோரில் வெந்தயம் போட்டுக் குடி.

இந்தக் காலத்தில் அத்தை கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. உனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் போன் கொடுப்பார்களாம். அந்த நேரம் மாமா டெம்போவுக்குப் போகாமல் வீட்டில் இருப்பார். நான் கேட்கப்போவதை அவர் முன்னால் கேட்க முடியாது. போனில் கேட்டது காதோடு போய்விடும். தாளில் இருந்தால் தையலுக்கு நடுவில் எடுத்துப் படித்துக்கொள்வேன்.

இத்துடன் ஒரு இங்கிலீஷ் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். நம்ம ஜெஸியுடையது. இந்த மாதிரி ஆறு வைத்திருந்தாள். போன மாதம் மாமா ஐந்தைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டார். "அதப் பாத்தாலே மூச்சு முட்டுது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இது ஒன்று என் வெட்டுத்துணிப் பைக்குள் கிடந்ததால் தப்பியது.

ஒருநாள் அவளிடம் கேட்டேன், "அப்படி என்னட்டி கத இருக்கு அதுல?" என்று. "ஒரு பொண்ணு மம்மி. தூங்கி எந்திச்சா நேத்து நடந்த அதே நாள். மறுபடி எந்திச்சா மறுபடி அதே நாள். அதுக்குள்ள ஒரு பையன்." "அதுல என்ன இருக்கு?" "உனக்குச் சொன்னா புரியாது, சோட் தோ, விட்டுரு" என்று சிரித்தாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நீ இங்கிலீஷ் பி.ஏ. படிக்கிறாய். இதைப் படித்து, கதையைத் தமிழில் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவாயா? அவள் ஏன் இதைத் தூக்கம் கெட்டுப் படித்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

நேரம் இருக்கும்போது எழுது. படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அத்தை,
ஏஞ்சலம்மாள்


பாளையங்கோட்டை
28.9.2025

அன்பு அத்தைக்கு சுனிதாவின் ஸ்தோத்திரம். வயிற்றுவலி போய்விட்டது. உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? மாமா ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

புத்தகம் பத்திரமாக வந்தது. முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் புத்தகங்களை நான் தொட்டதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதப்படுகிற காதல் கதைகள். எங்கள் வகுப்பில் இதை யாராவது வைத்திருந்தால் நாங்கள் கேலி செய்வோம். அந்த எண்ணத்தோடுதான் திறந்தேன். முந்நூறு பக்கத்தில் எழுபது பக்கம் ஒரே மூச்சில் போய்விட்டது.

கதை இதுதான். ஒரு ஏரிக்கரை ஊர். நோரா என்று ஒரு பெண், நம்ம ஜெஸி வயதுதான். சனிக்கிழமைகளில் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்க்கிறாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தியோ என்ற பையன் ஓடிவருகிறான். இடமில்லை என்று சொல்லப்போனவள், அவன் கேட்கிற விதத்தைப் பார்த்துக் கடைசி டிக்கெட்டைக் கொடுத்துவிடுகிறாள். படகு நடு ஏரியில் கவிழ்ந்து தியோ இறந்துபோகிறான். நோரா அழுது அப்படியே தூங்கிப்போகிறாள். விழித்தால் மறுபடியும் சனிக்கிழமை காலை. அவளுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மற்ற யாருக்கும் இல்லை. அம்மா அதே தோசைக்கல்லில்… மன்னிக்கவும் அத்தை, அங்கே தோசை கிடையாது. அதே ரொட்டியை அதே மாதிரி கருகவிடுகிறாள்.

ஓரங்களில் ஜெஸி பென்சிலால், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறாள். ரொட்டி கருகுகிற இடத்தில் "என் மம்மியும் இப்படித்தான்" என்று இருக்கிறது.

மீதியை அடுத்ததில் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுனிதா


தாராவி
12.10.2025

அன்பு மருமகளுக்கு அத்தையின் முத்தங்கள். இங்கே மழை விட்டு வெயில் ஏறிவிட்டது. மாமாவுக்கு முதுகுவலி. அங்கே அப்பா அம்மா சுகந்தானே?

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். ரொட்டி விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

அந்தப் பெண் நோரா மறுநாள் என்ன செய்தாள்? டிக்கெட் கொடுக்காமல் இருந்தாளா? கொடுக்காவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான் அல்லவா? எனக்கு அதை முதலில் எழுது.

இன்னொன்று. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் கையெழுத்து தெரியும். புத்தகத்தை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் நானும் புரட்டிப் பார்த்தேன். ஜெஸியின் எழுத்து உருண்டையாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் சாய்ந்த எழுத்து ஒன்று இருக்கிறதே, அது யாருடையது?

கோவிலில் பெண்கள் ஐக்கியத்தில் விஜயராணி, "வேதத்த வாசிங்க அக்கா, ஆறுதல் கிடைக்கும்" என்றாள். வேதத்தையும் வாசிக்கிறேன். அதில் லாசரு நாலு நாள் கழித்து எழுந்து வருகிறான். எங்கள் வீட்டிலும் ஒரு லாசர் இருக்கிறார், உன் மாமா. சாப்பிட எழுப்பினால்கூட எழுந்திருப்பதில்லை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அத்தை


பாளையங்கோட்டை
2.11.2025

அன்பான அத்தைக்கு, சுனிதா எழுதுவது. மாமாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இங்கே எல்லாரும் நலம். இன்டர்னல் பரீட்சை நடந்ததால் உடனே எழுத முடியவில்லை.

நோரா டிக்கெட் கொடுக்கவில்லை அத்தை. தியோ கோபித்துக்கொண்டு கரையோரச் சாலையில் சைக்கிளில் போகிறான். லாரி அடித்துவிடுகிறது. மறுபடி சனிக்கிழமை. இந்தத் தடவை சைக்கிளின் காற்றைப் பிடுங்கிவிடுகிறாள். அவன் நடந்து போய் நண்பனின் படகில் ஏறிவிடுகிறான். அடுத்த தடவை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அவன் சிரிக்கிறான், நம்பவில்லை. இப்படியே இருபது சனிக்கிழமை போகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அவனைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்கிறாள், அவன் மட்டும் அவளை ஒவ்வொரு காலையும் புதிதாகப் பார்க்கிறான்.

ஜெஸி இதை ஏன் படித்தாள் என்று கேட்டீர்கள். அவளே எழுதியிருக்கிறாள். நோரா ஊரார் முன்னால் தியோவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிற பக்கம். அதன் ஓரத்தில்: "எவ்வளவு நல்லா இருக்கு. இன்னிக்கு என்ன செஞ்சாலும் காலைல ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. எங்க சந்துக்கு இப்படி ஒரே ஒரு நாள் கொடுத்தா போதும்."

இதைப் படித்தபிறகு என் அறைத்தோழி சஃப்ரீனிடம் கேட்டேன். அவள் ரகசியமாக இந்த மாதிரி பதினைந்து புத்தகம் படித்தவள். "முத்தத்துக்காகப் படிக்கிறோம்னு எல்லாரும் நெனைக்காங்க. அது இல்ல. தப்புப் பண்ணிட்டா அழிச்சு எழுதலாம்ங்கிறதுக்காகப் படிக்கோம். நமக்கு யாரு அப்படி விடுறா?" என்றாள். இனி நான் கேலி செய்ய மாட்டேன்.

சாய்ந்த எழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கியதாக இருக்கும். முன்பு வைத்திருந்தவர் யாராவது எழுதியிருப்பார்கள்.

உங்கள்
சுனிதா


தாராவி
23.11.2025

அன்பு மருமகளுக்கு, அத்தை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை, கண் மட்டும் கொஞ்சம் மங்கல். ஊசியில் நூல் கோக்க நேரமாகிறது.

அவள் எழுதியதைப் படித்தேன். எங்கள் சந்து எட்டடி அகலம். எதிர்வீட்டுப் பாத்திரத்தில் என்ன குழம்பு என்று எங்களுக்குத் தெரியும். நான்தான் அவளிடம், "நாலு பேரு பாக்காங்கட்டி" என்று தினம் சொல்வேன். போனைக்கூட வாங்கிப் பார்ப்பேன். அதெல்லாம் அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மான்குர்தில் பேராச்சி அக்கா வீட்டில் கல்யாணம். நான்கு ஜாக்கெட் தைத்து முடித்திருந்தேன். நான் போயிருக்க வேண்டியது. திங்கட்கிழமை ராத்திரி எனக்குக் கால் வீங்கியிருந்தது. "காலைல நீ குடுத்துட்டு வந்துருட்டி, காலேஜுக்கு அப்புறம் போய்க்கலாம்" என்றேன். அவள் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். பிறகு சரி என்றாள். அவள் யோசித்த அந்த ஒரு நிமிஷத்தில், வேண்டாம், நானே போகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

மழையில் லோக்கல் ரயில் வண்டிகள் எல்லாம் தாமதம். மூன்று வண்டிக் கூட்டம் ஒரு வண்டியில் ஏறியிருக்கிறது. சயானில் ஏறினாள். குர்லா வருவதற்குள், ஒன்பதேகால் மணிக்கு, வாசல் ஓரத்தில் கால் வழுக்கிவிட்டது. போனும் நொறுங்கிப்போயிற்று. ஜாக்கெட் பை மட்டும் நனையாமல் போலீஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். பேராச்சி அக்கா அதை வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். என்னிடமே இருக்கிறது.

இப்போது நான் என்ன செய்கிறேன் தெரியுமா? காலையில் கண் விழித்ததும் செவ்வாய்க்கிழமையைத் திரும்ப ஆரம்பிக்கிறேன். இன்றைக்குக் கால் வீங்கவில்லை. இன்றைக்குப் பேராச்சி அக்காவை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். இன்றைக்கு இட்லி வேகத் தாமதமாகி, அவள் அடுத்த வண்டிக்குப் போகிறாள். நோராவைப் போலத்தான். அவளுக்காவது உண்மையிலேயே விடிகிறது.

மாமாவிடம் இதைப் பேச முடியாது. அவர், "நீ அனுப்பாம இருந்திருக்கலாம்லா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு சொல்லவில்லை. ஒரு தடவையே போதும்.

தியோ கடைசியில் பிழைத்தானா?

அத்தை


பாளையங்கோட்டை
18.1.2026

அன்பு அத்தைக்கு, புத்தாண்டு ஸ்தோத்திரம். கண்ணை டாக்டரிடம் காட்டினீர்களா? இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். கிறிஸ்மஸ் லீவு, பிறகு செமஸ்டர் பரீட்சை.

கதையின் முடிவு: நாற்பதாவது சனிக்கிழமை நோரா டிக்கெட் அறையைத் திறக்கவே இல்லை. சாவியை ஏரியில் எறிந்துவிடுகிறாள். எல்லாரும் அவளைத் திட்டிக்கொண்டு கரையிலேயே நிற்கிறார்கள். படகு கிளம்பவில்லை. அவளும் தியோவும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிகிறது. தியோ உயிரோடு இருக்கிறான்.

புத்தகம் முடிந்துவிட்டது. பரீட்சை நன்றாக எழுதினேன். குளிர் இல்லை. மாமாவுக்கு என் அன்பு.

சுனிதா


தாராவி
1.2.2026

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது. சுகம். கண்ணாடி போட்டாயிற்று, உன் எழுத்து இப்போது பெரிதாகத் தெரிகிறது.

பிழைத்துக்கொண்டானா? நல்லது. கதை எழுதுகிறவர்களுக்குப் பிள்ளைகளைச் சாகவிட மனசு வராதுபோல. நீ அதை எழுதத் தயங்கியிருப்பாய். எனக்குப் பொறாமையாக இருக்கும் என்று நினைத்திருப்பாய். பொறாமையாகத்தான் இருந்தது. ஒருநாள் முழுக்க மெஷினைத் தொடவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. ஒரு பெண்ணுக்காவது நடந்ததே.

ஆனால் நீ எழுதிய கடிதங்களிலேயே இதுதான் சின்னது. நான் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். அதற்கு ஒரு வரிகூட நீ பதில் சொல்லவில்லை. அத்தை மேல் கோபமா? இல்லை, என்னைப் போலவே நீயும் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் இரண்டு எழுத்தும் இருந்தன. 8 என்றும் 10 என்றும் எண்கள். இங்கிலீஷ் தெரியாதவள்தான். ஆனால் செம்பூர் என்ற பெயரை ஸ்டேஷன் போர்டில் இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன். எழுத்துகளின் உருவம் மனசில் இருக்கிறது.

அதை வாசித்துக் கேட்கத்தான் உனக்கு அனுப்பினேன் என்று இப்போது எழுதிவிடுகிறேன். இங்கே யாரிடமாவது காட்டியிருந்தால் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கப் போயிருக்கும். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

அத்தை


பாளையங்கோட்டை
15.2.2026

என் அன்பு அத்தைக்கு. நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

நவம்பரிலேயே அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டேன். பழைய புத்தகக் கடை என்று சொன்னது பொய். புத்தகம் கிட்டு என்ற பையனுடையது. ஜெஸியோடு மாட்டுங்காவில் காலேஜில் படித்தவன். முதல் பக்கத்தில் அவன் பேரும் போன் நம்பரும் இருக்கின்றன. நீங்கள் போனை வாங்கிப் பார்ப்பதால் இரண்டு பேரும் புத்தகத்தின் ஓரத்திலேயே எழுதிப் பேசியிருக்கிறார்கள். ஒரு வாரம் அவன் வைத்திருப்பான், ஒரு வாரம் அவள். தப்பாக ஒரு வார்த்தைகூட இல்லை அத்தை. நோராவைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். தியோ மறந்துபோவது பாவம் என்று ஜெஸி எழுதுகிறாள். "எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. அவன் அவளைத் தினமும் முதல் தடவை பார்க்கிறான்" என்று அவன் எழுதுகிறான்.

கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியது: "செவ்வாய் 8. செம்பூர் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர், காலை 10. காலேஜ் வேண்டாம். வருவியா?"

அவள் பதில்: "வரேன். காலேஜுக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவேன்." அதற்குக் கீழே வேறு பென்சிலில்: "மம்மி மான்குர்த் பை வேற குடுக்கா. செம்பூர்ல இறங்கிட்டு அப்புறம் அங்கே போவேன்."

நீங்கள் அனுப்பாவிட்டாலும் அவள் அந்த வண்டியில் ஏறியிருப்பாள் அத்தை. உங்கள் கடிதத்தைப் படித்தவுடனே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதினால் அவள் ரகசியம் போய்விடும். எழுதாவிட்டால் நீங்கள் செத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு மாதம் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். அவள் என்னிடம் ஒன்றும் ஒப்படைக்கவில்லை, ஆனாலும் ஒப்படைத்த மாதிரி இருந்தது.

புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அவளைத் திட்டாதீர்கள்.

சுனிதா


தாராவி
19.4.2026

அன்பு சுனிதாவுக்கு, அத்தையின் ஆசீர்வாதம். ஈஸ்டர் வந்துபோயிற்று. நீங்கள் எல்லாரும் நலமாக இருப்பீர்கள். மாமா பெரிய வெள்ளியன்று கோவிலுக்கு வந்தார், அது ஒன்றுதான் இங்கே புதிது.

இரண்டு மாதம் நான் எழுதவில்லை. உன் கடிதம் வந்த அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது செவ்வாய்க்கிழமை ஞாபகத்துக்கு வரவில்லை. பிறகு வந்தது. பெற்ற பிள்ளை செத்ததில் எனக்குப் பங்கில்லை என்று தெரிந்து தூங்கியிருக்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பையன் மேல் கோபம் வந்தது. இவன் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவள் மழையைச் சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்திருப்பாள் என்று தோன்றியது. அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும், முடிந்தால் ஒரு அறை கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து போன் பண்ணினேன். நான் யார் என்று சொன்னதும், "எங்க வரணும் ஆன்ட்டி?" என்றான்.

மாட்டுங்காவில் ஒரு பூங்காவுக்கு வந்தான். வீடு செம்பூரில். அப்பா பேர் வெங்கடராமன், ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாராம். பையன் மெலிந்து, கன்னம் ஒட்டி, முடி வெட்டாமல் இருந்தான். பரீட்சை எழுதவில்லையாம். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தான்.

"நான் அன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும் நின்னேன் ஆன்ட்டி. வரலைன்னதும் கோவம் வந்துடுத்து. ஆத்துக்குப் போய் அவ நம்பரையே பிளாக் பண்ணிட்டேன். மூணு நாள் கழிச்சு காலேஜ்லதான் ஃப்ரெண்ட்ஸ் சொன்னா. நான் அதை எழுதலேன்னா அவ அந்த டிரெயின்ல ஏறியிருக்க மாட்டா. எனக்காகத்தான் ஏறினாளா, அதுகூட எனக்குத் தெரியாது. புக் அவகிட்டயே நின்னுடுத்து."

அவள் பதிலை அவன் பார்க்கவே இல்லை, சுனிதா. பார்த்திருக்க முடியாது. எனக்கு அங்கே உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது.

அடிக்கப் போனவள் நான். வாயில் என்ன வந்தது தெரியுமா? "உனக்காக இல்லப்பா. நாந்தான் மான்குர்துக்குத் துணி குடுக்க அனுப்புனேன். நீ மனசுல வச்சிக்காத" என்றேன். பொய் என்று முழுசாகச் சொல்ல முடியாது. அவனுக்கு ஒரு மூச்சு நிம்மதியாக வெளியே போனதைப் பார்த்தேன். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ அவ என்னைப் பார்க்க வரலையா?"

புத்தகம் என் மடியில், பைக்குள் இருந்தது. "எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனான். நான் பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

பதினெட்டு வயசுப் பையன். பழியை எடுத்தால் அவளும் போய்விடுகிறாள். அவளைக் கொடுத்தால் பழியும் கூடவே வருகிறது. நீ படித்தவள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அத்தை


பாளையங்கோட்டை
26.4.2026

அன்பு அத்தைக்கு, சுனிதா. உங்கள் கடிதம் நேற்று வந்தது. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தெரியவில்லை அத்தை. மூன்று வருஷம் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. சஃப்ரீனிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். "அந்த மாதிரி புக்குல இப்படி ஒரு எடமே வராது, அதுக்கு முன்னாடியே விடிஞ்சிரும்" என்றாள்.

எதைச் சொன்னாலும் அவனுக்கு வலிக்கும். உங்களுக்கும் வலிக்கும். யாருக்குக் குறைவாக வலிக்கும் என்று இங்கே உட்கார்ந்து நான் எப்படிச் சொல்வது? ஒன்றே ஒன்று தோன்றுகிறது. அந்தப் பதிலை ஜெஸி எழுதியது அவனுக்கு. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நாம் இரண்டு பேரும் படித்துவிட்டோம். அவன் இன்னும் படிக்கவில்லை.

இதற்கு மேல் எழுதத் தைரியம் இல்லை. மன்னியுங்கள்.

சுனிதா


தாராவி
17.5.2026

அன்பு மருமகள் சுனிதாவுக்கு, அத்தை எழுதுவது. நீ கடைசிப் பரீட்சையும் முடித்துவிட்டதாக உன் அப்பா சொன்னான். சந்தோஷம். இங்கே வெயில் தாங்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே மெஷின் கொதிக்கிறது.

பத்து நாளைக்கு முன்னால் கிட்டுவை மறுபடி வரச்சொன்னேன். அதே பூங்கா. புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன்.

அது சின்ன பதில். வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவன் தலையைத் தூக்கவே இல்லை. விரலை "வரேன்" என்ற இடத்தில் வைத்தபடி இருந்தான். நான், "போன தடவ உங்கிட்ட முழுசாச் சொல்லலப்பா. நானும் அனுப்புனேன், அவளும் உன்னப் பாக்கத்தான் கெளம்புனா. ரெண்டும் நெசம்" என்றேன்.

அழுதான். ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டு அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மாமாகூட அழவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டிருந்தானே தவிரக் குடிக்கவில்லை. தலையைத் தடவலாமா, கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கையை என் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி நேரம் அப்படித்தான் நினைக்கிறேன்.

வெகுநேரம் கழித்துக் கேட்டான், "அன்னிக்கு அவ என்ன டிரெஸ் போட்டுண்டிருந்தா ஆன்ட்டி?"

என்னிடம் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. போலீஸ் கேட்டார்கள், அடையாளத்துக்காக. அது வேறு.

பச்சை குர்தா என்றேன். இலைப் பச்சை. கழுத்தில் மஞ்சள் நூல் வேலை, நான் தைத்தது. பண்டிகைக்கு என்று மடித்து வைத்திருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "மழையில புதுசு எதுக்குட்டி, சகதியாகும்லா" என்று நான் கத்தினேன். "ஆகட்டும் மம்மி" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுச் சின்னக் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். காலேஜுக்கோ துணி கொடுக்கவோ போகிறவள் அப்படிப் பார்க்க மாட்டாள். எனக்கு அப்போது புரியவில்லை.

அவ்வளவையும் அவனிடம் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் சொல்லி முடித்ததும், கழுத்து வேலை எப்படி இருக்கும் என்று கேட்டான். அவன் கைக்குட்டையை விரித்து, விரலால் வரைந்து காட்டினேன்.

புத்தகத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். மாமாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய நாள் வரும்போது எனக்கு வாய் வருமா, தெரியவில்லை.

ஊருக்குப் போனதும் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். வெயிலில் அலையாதே.

அத்தை,
ஏஞ்சலம்மாள்